வயிற்றைச் சுருக்கிய பிறகு

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடல் பருமன் ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது என்று பேசப் பலர் இருக்கிறார்கள். இந்த உரை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அறுவைச் சிகிச்சை செய்து வயிற்றைச் சுருக்கிக்கொண்ட ஒருவர், வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் என்ன செய்வார்? பத்தாண்டு கழித்து என்ன செய்துகொண்டிருப்பார்? அந்த வீடு கோலாலம்பூர் பங்சாரில் இல்லை. ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டத்தில் இருக்கிறது. பகாவை அடுத்த ஜெராம் பாடாங்கில் இருக்கிறது. போர்ட்டிக்சன் போகும் வழியில் சுவா பெத்தோங்கில் இருக்கிறது. பங்சாரில் இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

முதலில் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு நிரைக்குப் போனால் ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்ட வேண்டும். மேடு பள்ளம், கொசு, அட்டை. வெட்டி முடித்துப் பாலை எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அந்த உடம்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. அது உள்ளே போன வேகத்தில் வியர்வையாக வெளியே வந்தது. அன்றைய பாட்டி குவித்து வைத்த சோற்றில் தவறு எதுவும் இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தில் பிறந்தவர்கள் தாமான் வீட்டுக்குக் குடிபோனார்கள். அப்பா நிரையில் நடந்தார். மகன் நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலை பார்க்கிறார். மகள் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்கிறாள். நடை போய்விட்டது, தட்டு மட்டும் அதே அளவில் இருக்கிறது. கூடவே கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், காலையில் ரொட்டி சானாய், இரவு வேலையில் தூக்கத்தை விரட்ட இனிப்புப் பானம்.

கணக்கு என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உடையவர்கள். 2023 ஆய்வில் அது 54.4 விழுக்காடானது. 2019 ஆய்வில் இந்தியர்களிடையே இனிப்புநீர் 31.4 விழுக்காடு. அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. ஒரு திருமண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், விளங்கிவிடும்.

இந்த நிலையில்தான் அறுவைச் சிகிச்சை வருகிறது. இது புதிய விஷயமல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கிவைத்தார். 1994-இல் அதையே சிறு துளைகள் வழியாகச் செய்த முறை வெளியானது. இன்று அதிகம் நடப்பது இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, மீதியை ஒரு குழாய்போல் விட்டுவிடுகிறார்கள். மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சிறு பை செய்து, குடலை நேரே அதில் இணைக்கிறார்கள். ஆசியர்களுக்கு உயர எடைக் குறியீடு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்ள வேண்டும் என்றும், 27.5-ஐத் தொட்டால் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றும் 2022-இல் இரண்டு அனைத்துலக அறுவை மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து அறிவித்தன. எடை குறைக்கும் ஊசிகளும் இப்போது வந்துவிட்டன. அது தனியாகப் பேச வேண்டிய தலைப்பு.

அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயுள் முழுக்க நீள்வது அதற்குப் பிறகு வருவதுதான்.

முதல் சில வாரங்கள் நீராகாரம். பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு, ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மாதத்தில் வழக்கமான உணவு. இந்த அட்டவணையை மருத்துவமனை உணவியலாளர் தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளில் பெரும்பாலும் தயிர், சூப், புரதப் பொடி என்று இருக்கும். தோட்டத்து வீட்டில் அதை எப்படிப் படிப்பது? பருப்புத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம். சூப்பு எலும்பில் கொழுப்பை நீக்கி வைக்கலாம். மசித்த நிலை வரும்போது முட்டை, மென்மையான தௌஹு, நன்றாக வெந்து குழைந்த பருப்பு, முள் எடுத்த மீன். தெம்பேயும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே சிறு வயிற்றில் இருக்கும் இடத்தைச் சோற்றுக்குக் கொடுத்தால் புரதத்துக்கு இடமிருக்காது. முதலில் மீனும் பருப்பும், பிறகு காய், வயிற்றில் இடமிருந்தால் கடைசியாக இரண்டு கரண்டி சோறு. நம் வீட்டுப் பந்தி வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் ஏற்பாடு இது.

மெல்லுவது இன்னொரு சங்கடம். ஒரு வாய் உணவை இருபது, இருபத்தைந்து முறை மென்று, ஒரு வேளைச் சாப்பாட்டை அரை மணி நேரம் சாப்பிட வேண்டும். தோட்டத்தில் பசியாற கிடைப்பது கொஞ்ச நேரம்தான். தொழிற்சாலையிலும் அப்படியே. அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும், வாந்தி வரும். ரொட்டியும், பிசுபிசுப்பான சோறும், நார் நாராக இருக்கும் ஆட்டிறைச்சியும் இதில் முதல் குற்றவாளிகள். முறுகலான தோசை பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ரொட்டி சானாய் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டாலும் அதில் இருக்கும் எண்ணெய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

கெட்டிப்பால் தேநீரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மாற்றுவழி அறுவை செய்தவர் இனிப்பானதைக் குடித்தால் அது சட்டென்று குடலில் இறங்கிவிடும். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் பிசையும், தலை சுற்றும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை சடாரென்று விழுந்துவிடும். மோட்டாரில் போய்க்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேநீரை விட முடியாது என்பவர்கள் சீனியில்லாத தே ஓ குடிக்கலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இனி தண்ணீர். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆனாலும் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு இது சுலபம். செம்பனைக் குலை வெட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் வேலையை நிறுத்தி, ஒரு போத்தல் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துப் பழகியவர் அவர். அறுவைக்குப் பிறகு அந்த ஒரே மூச்சு முடியாது. குடித்தால் வலிக்கும், வெளியே வந்துவிடும். தாகம் வந்த பிறகு குடிப்பது என்ற பழக்கமே அவருக்கு உதவாது. விடியற்காலையிலிருந்து கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மிடறு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவத் தாளில் இது ஒரு வரிதான். செம்பனைக் காட்டில் இதுதான் அன்றாடம் உயிரைக் காக்கும் வேலை. சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல அளவுகோல்.

உடலுழைப்புக்கு வருவோம். அறுவை செய்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்லிவிடுவார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது தேவை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம். நாளில் நான்கைந்து தடவை. லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்வந்தால் போதும். நான்கு முதல் ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. நிறைய பேர் கோட்டைவிடும் இடம் இது. வலி குறைந்துவிட்டது, உடம்பு இலேசாக இருக்கிறது, அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. 14 கிலோ தோம்பைத் தாமே உருட்டித் தூக்கிவிடுவார்கள். பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். குலை வெட்டும் வேலைக்கோ, குலையைத் தூக்கி ஏற்றும் வேலைக்கோ திரும்புவதற்கு மருத்துவரின் அனுமதிக் கடிதம் கட்டாயம் வேண்டும். அதுவரை இலேசான வேலை தரும்படி கிராணியிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கடந்த பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை குறைந்தபட்சம். குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்க 200 முதல் 300 நிமிடம் தேவைப்படும். எங்கே நடப்பது? சிரம்பானில் இருப்பவருக்குத் தாமான் தாசேக் ஏரிக்கரை இருக்கிறது. போர்ட்டிக்சன்காரருக்குக் கடற்கரை. தோட்டத்தில் இருப்பது செம்மண் சாலை. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி, குலை ஏற்றிய லாரி, கூடவே நாய். இருட்டிய பிறகு பெண்கள் தனியாக நடக்கப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பல தோட்டங்களில் இன்னும் பந்துத் திடல் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டங்களுக்கிடையே பந்தாட்டம் நடந்த திடல். இப்போது பல இடங்களில் மாடு மேய்கிறது. மாலை ஐந்தரைக்கு நான்கு பெண்மணிகள் சேர்ந்து அதைச் சுற்றி வந்தால் மாட்டுக்கும் ஆட்சேபம் இருக்காது. மழை நாளில் கோயில் பிரகாரம் இருக்கிறது.

நடை மட்டும் போதாது. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எலும்பும் வலுவிழக்கிறது. தசைக்கு வேலை கொடுக்க உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலை இரு கைகளிலும் பிடித்து மேலே தூக்குவது. சுவரில் கையூன்றித் தள்ளுவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முட்டி வலிக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாக 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இருபது கிலோ குறைந்தவர் படியேறும்போது தமக்கே வியப்பாக இருக்கும்.

தொங்கும் தோல் பற்றி வெளியில் பேச யாரும் விரும்புவதில்லை. நம் நாட்டுப் புழுக்கத்தில் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகிவிடும். அதனாலேயே நடையை விட்டவர்கள் உண்டு. கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பருத்தித் துணி உள்ளாடை போட்டுக்கொண்டு நடந்தால் பெருமளவு சமாளிக்கலாம். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். புரதமும் சத்து மாத்திரையும் சரியாக எடுத்தால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

மருந்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள். இனிப்புநீருக்கு முன்பு எடுத்த மாத்திரையும் ஊசியும் அறுவைக்குப் பிறகு அதே அளவில் தொடரக் கூடாது. சாப்பாடு குறைந்த உடம்பில் அது சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. அடுத்தது முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் பொன்ஸ்தான், வோல்தாரன் வகை மாத்திரைகள். மாற்றுவழி அறுவை செய்தவருக்கு இவை புதுப் பையில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசிய வைக்கும். கிளினிக்கில் புதிய மருத்துவரிடம் போனால், வாயைத் திறந்ததும் வயிற்று அறுவை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, பல நாள் தொடர்ந்து வாந்தி எடுப்பவர் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. உயிர்ச்சத்து பி1 வறண்டுபோனால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். சிலருக்கு அது முழுதும் திரும்பாது. முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு மூன்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேற்கே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை, கிழக்கே கோலாபிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை. வீட்டிலிருந்து எது கிட்டே, இரவில் யாருடைய கார் கிடைக்கும் என்பதை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இப்போது சங்கடமான ஒரு விஷயம். மது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் மலிவுச் சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பது இந்த அவைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்றுவழி அறுவை செய்தவர் உடம்பில் மது வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு நான்கு கிளாஸில் வந்த போதை இரண்டிலேயே வந்துவிடும். மோட்டாரில் ஏறும்போது அவருக்கே தெரியாது. அறுவை செய்த இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை கூடுவதை 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சோற்றில் கிடைத்துவந்த ஆறுதல் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் குடிப்பழக்கம் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பதற்கு உதவுகிற மனைவிமார்கள் கணவருக்கு நன்மை செய்யவில்லை.

பந்தாட்ட இரசிகர்களுக்கு மரடோனாவைத் தெரியும். அவர் 2005-இல் கொலம்பியாவில் இந்த அறுவையைச் செய்துகொண்டார். உடம்பு பாதியாக இளைத்தது. உலகமே படம் போட்டது. பின்னாளில் எடை திரும்ப ஏறியதையும் அதே உலகம் பார்த்தது. உலகப் புகழும் பணமும் இருந்தவருக்கே அந்த நிலை.

சுவீடனில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இனிப்புநீர் இருந்து அறுவை செய்துகொண்டவர்களில் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காட்டினருக்கு நோய் விலகியிருந்தது. பத்தாம் ஆண்டில் அது 36 விழுக்காடாக இறங்கியது. ஆனால் அறுவை செய்யாதவர்களைவிட அறுவை செய்தவர்களிடையே மரணம் குறைந்திருந்ததையும் அதே ஆய்வு 2007-இல் அறிவித்தது. பலன் உண்டு, நிரந்தரச் சீட்டு இல்லை. இனிப்புநீர் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஐந்தாண்டாக இரத்தம் சோதிக்காமல் இருப்பவர்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

ஏன் சோதனைக்குப் போவதில்லை? கட்டணம் காரணமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணத்துவக் கிளினிக்கில் 5 வெள்ளி. காரணம் பேருந்து, ஒரு நாள் சம்பளம், முன்னாளில் இருந்து முடிவில்லாமல் வாங்க வேண்டிய சத்து மாத்திரைகள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, மோட்டார் தவணை போக மாதாமாதம் மாத்திரைக்கென்று ஒதுக்குவது கடினம்தான். ஆகவே அறுவைக்குச் சம்மதிக்கும் முன்பே, எந்த மாத்திரையை மருத்துவமனை தரும், எதைக் கடையில் வாங்க வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்வது கட்டாயம். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் அதை அறுவை மருத்துவரிடமே சொல்லலாம். எந்த வகை அறுவை பொருத்தம் என்பதே அதனால் மாறக்கூடும்; குடலை மாற்றி இணைக்கும் முறையில் சத்துக் குறைபாடு கூடுதலாக வரும்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் இரண்டு கரண்டியோடு எழுந்துவிட்டால் "என்ன அண்ணி, எங்க சமையல் பிடிக்கலையா?" என்று கேட்டு, மூன்றாவது கரண்டியைத் தட்டில் வைப்பது நம் அன்பின் அடையாளம். அறுவை செய்தவருக்கு அந்தக் கரண்டி கழிப்பறையில் முடியும். "வயித்த வெட்டிக்கிட்டவங்க" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் அதே அளவு வலிக்கும். அதைக் கேட்டுப் பயந்து, அறுவை செய்ததையே மறைத்து, விருந்தில் எல்லோரையும் போல் சாப்பிட்டு வாந்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, இந்த மன்றத்துக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி இருப்பது: "அறுவை செய்தவர் தைப்பூசத்துக்குப் பால்குடமோ காவடியோ எடுக்கலாமா?" ஆறு வாரம் கடந்து, மருத்துவர் கனம் தூக்க அனுமதித்த பிறகு பால்குடம் எடுக்கத் தடையில்லை. காவடியின் பாரம் அதிகம். முதல் ஆண்டில் வேண்டாம். விரதம் சைவமாக இருப்பதில் சிக்கலில்லை. பருப்பும் தௌஹுவும் தெம்பேயும் இருக்கின்றன. ஆனால் நாளுக்கு ஒரே வேளை உணவு என்ற விரதம் இவர்களுக்கு ஆகாது. சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஊர்வலத்தில் நடக்கும்போது தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கும் சர்பத்தை வாங்காமல், வெறும் தண்ணீர்ப் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு மிடறு மிடறாகக் குடித்தபடி போகலாம். கூட நடக்கிறவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.